பூட்டிய வீடும் அயலவரும்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் ஒழுங்கையிலே, பொழுதுபடும் வேளையில் நடந்து செல்லும் ஒருவர் இருமருங்கும் நோக்குவாராயின், விளக்கேற்றிய வீடுகளுக்கு இடையிடையே இருண்டு கிடக்கும் வீடுகள் சிலவற்றைக் காண்பர். படலையிற் கோத்த சங்கிலியிற் பூட்டொன்று துருவேறித் தொங்கும். முற்றத்திற் புல் முழங்காலளவு வளர்ந்திருக்கும். விறாந்தைத் தூணின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து உள்ளிருக்கும் கல் வெளியே தெரியும். கிணற்றுக் கட்டின்மேற் பாசி படர்ந்திருக்கும். வீட்டைக் கட்டியவர் முகப்பிலே பொறித்துவைத்த ஆண்டு மட்டும் அழியாது நிற்கும். கட்டியவர் பெயரையோ அவ்வொழுங்கையில் வாழ்வோருட் பலர் அறியார்.

இத்தகைய வீட்டின் அயலிலே வாழ்வோர்க்கு அதனைப்பற்றிய சிந்தனை நாள்தோறும் உண்டு. தண்ணீர் அள்ளும்போதும் வேலியோரத்திற் சருகு கூட்டும்போதும் ஒருவரையொருவர் வினவிக்கொள்வர். "நேற்று இராத்திரி அந்த வளவுக்குள்ளை ஒரு வெளிச்சம் தெரிஞ்சது, கண்டனீங்களோ அக்கா?" என்று இளையவள் கேட்பாள். "ஆரும் தேங்காய் பொறுக்க வந்திருப்பினம், பிள்ளை. வீட்டுக்காரர் இனி எங்கை வரப்போகினம்?" என்று மூத்தவள் விடையிறுப்பாள். உரியவர் உயிரோடு இருக்கின்றனரா, எந்த நாட்டில் இருக்கின்றனர், வீட்டை விற்றுவிட்டனரா, உறுதி யார் கையில் உளது என்னும் வினாக்கள் வேலிக்கு வேலி செல்லும். விடை கிடைப்பது அரிது. இவற்றை வெறும் ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், ஆளில்லா வீட்டுக்கு எஞ்சியிருக்கும் காவல் அயலவரின் இந்த நினைவே என்பதைச் சற்று ஆராய்வார் உணர்வர்.

அவ்வீடுகள் எழுந்த வகையை முதலில் நோக்குதல் வேண்டும். வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது பழமொழி. குடாநாட்டிலோ இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே முயற்சியாக நிகழ்ந்தன. மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தற்கென்றே தந்தையர் வீடு கட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஊழியம் பார்த்தோர், ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி எழுப்பிய வீடுகள் பல. கொழும்பிலும் பிற நகர்களிலும் எழுதுவினைஞராய் உழைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எழுந்தவை பல. புகையிலையும் வெண்காயமும் விளைவித்த தோட்டக்காரர் ஓராண்டு அத்திவாரமும், மற்றோராண்டு சுவரும், பின்னோராண்டு கூரையுமாகக் கட்டி முடித்தவை பல. நடுவே முற்றம் திறந்த நாற்சார் வீடும், பனந்தீராந்தியின்மேல் வேய்ந்த ஓடும், ஒழுங்கையிற் செல்வோர் மழைக்கு ஒதுங்கி நிற்கத்தக்க சங்கடப்படலையும் அக்காலக் கட்டடங்களின் சிறப்பியல்புகள்.

சீதனம் பெண்வழிச் செல்வதால் அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளிற் குடியிருப்பது வழக்கமாயிற்று. கிடுகு வேலி இரு வீட்டையும் பிரித்தாலும், அவ்வேலியில் ஆள் நுழையத்தக்க பொட்டு ஒன்று இருக்கும். அடுப்புக்கு நெருப்பும் கறிக்குத் தேங்காயும் அவ்வழியே சென்றுவரும். கிணறும் பல இடங்களிற் பங்குக் கிணறாகவே இருந்தது. ஆகவே, அயல் என்பது அருகிலுள்ள வீடு மாத்திரமன்று. உறவும், பங்கும், வழக்கும் கூடிய ஒன்று.

வீட்டைப் பூட்டிச் செல்லுதலும் அக்காலத்திற் புதியதன்று. தெற்கிலே உத்தியோகம் பெற்றவர் மனைவி மக்களையும் அழைத்துச் செல்ல நேர்ந்தால், வீட்டுத் திறப்பு அயல்வீட்டுச் சுவரிலே தொங்கும். 1956 ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர், விடுமுறை தோறும் வந்து செல்லுதல் மேலும் எளிதாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் அயலவர் வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றுவர், முற்றத்தைக் கூட்டுவர், கிணற்றிலே நாலு வாளி அள்ளி ஊற்றுவர், மாம்பழக் காலத்திற் பழம் ஆய்ந்து தாமும் உண்டு, ஒரு பெட்டியைக் கொழும்புக்கும் அனுப்புவர். அவ்வீடு பூட்டிக் கிடந்தது, கைவிடப்படவில்லை. திறப்பு அயலில் இருந்தவரை வீட்டுக்கு உயிர் இருந்தது எனலாம்.

அந்நிலை மாறிய வரலாறு நேயர் பலர் தம் வாழ்வில் அறிந்ததே. 1983 ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின் பின் வெளிநாடு செல்வோர் தொகை பெருகியது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்களை விட்டு அகன்றனர். அவ்வாண்டிலேயே யாழ்தேவியும் யாழ்ப்பாணம் வருதல் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் சில மணிநேரமே. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். 1996 இல் அவர்களுட் பலர் திரும்பினர். 2000 ஆம் ஆண்டிற் போர் தென்மராட்சியை எட்ட, சாவகச்சேரியும் அதன் சுற்றுப்புறமும் சிதைந்தன. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றது. வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் வசமிருந்த காணிகள் அதன் பின்னர்ச் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டு வந்தன.

இந்த ஓட்டங்களில் எந்த வீட்டார் திறப்பை யாரிடம் கொடுப்பது? கொடுத்தற்குரிய அயலவரும் உடன் ஓடினர். பலர் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு நடந்தனர். திரும்பி வந்தபோது சிலர்க்குக் கதவு இருக்கவில்லை. சிலர்க்குக் கூரை இருக்கவில்லை. திறப்பு மட்டும் எஞ்சியது. இன்னும் சிலர் திரும்பவே இல்லை. கனடா, பிரித்தானியா, பிரான்சு, சேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா எனப் பல நாடுகளிற் பரந்து வாழ்வோரின் பெயரில் அவ்வீடுகள் இன்றும் உள.

ஆதலின், பூட்டிக் கிடக்கும் வீடுகள் யாவும் ஒருதன்மையன அல்ல. உரியவர் வெளிநாட்டில் வாழ்ந்து, நல்லூர்த் திருவிழாக் காலத்திலோ உறவினர் திருமணத்திலோ வந்து சில நாள் தங்கிச் செல்லும் வீடுகள் ஒருவகை. அவற்றுக்கு வெள்ளைப் பூச்சும் புதிய இரும்புப் படலையும் உண்டு. ஆண்டிற் பதினொரு மாதம் இருள் சூழ்ந்திருக்கும். உரியவர் இறந்துபோக, நாலு நாடுகளிற் சிதறிய பிள்ளைகளுக்குப் பொதுவாய்க் கிடக்கும் வீடுகள் இரண்டாம் வகை. ஒருவர் விற்போம் என்பார். மற்றொருவர் அம்மா இருந்த வீடு என்பார். மூன்றாமவரிடமிருந்து கடிதமே வராது. முழுக் குடும்பமும் போரில் மாண்டோ காணாமற்போயோ, உரிமை கேட்பார் யாரென்று தெரியாத வீடுகள் மூன்றாம் வகை. அயலவர் மெல்லிய குரலிற் பேசுவது இம்மூன்றாம் வகை வீடுகளைப் பற்றியே.

வீடு ஆளில்லாமற் கெடும் முறையையும் அயலவரே நன்கு அறிவர். வடகீழ்ப் பருவக்காற்றில் ஓடொன்று விலகும். ஆள் இருக்கும் வீடாயின் அடுத்த நாளே ஏணி வைத்து அதனைச் சரிசெய்வர். ஆளில்லா வீட்டில் அத்துவாரத்தின் வழியே ஐப்பசி கார்த்திகை மழை முழுவதும் உள்ளிறங்கும். சிலாகை உக்கும், தீராந்தியின் முனை சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் தங்கும், கறையான் ஏறும். பறவையின் எச்சத்தில் விழுந்த அரசம் வித்தோ ஆலம் வித்தோ சுவரின் வெடிப்பில் முளைக்கும். விரற்கடை அளவிற் பிடுங்கத்தக்க அக்கன்று, சில ஆண்டுகளிற் சுவரையே பிளக்கும். பத்துப் பதினைந்து மாரி கழிந்தபின் கூரை தாழ்ந்து, ஒருநாள் இரவில் ஓசையோடு விழும். அவ்வோசையைக் கேட்பவரும் அயலவரே. முதல் ஆண்டில் ஓர் ஓட்டை மாற்றியிருந்தால் நின்றிருக்கும் வீடு அது என்பதை அவர் அறிவர். படலை பூட்டியிருந்தது, உட்புகும் உரிமை தமக்கு இல்லை என்று வாளா இருந்தனர்.

இதனால் வருங் கேடு உரியவர்க்கு மாத்திரம் உரியதன்று. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு, சிரட்டையிலும், உடைந்த சட்டியிலும், அடைபட்ட பீலியிலும் தேங்கும் சிறிதளவு நீரில் வளர்வது. அதன் முட்டைகள் நீர் வற்றியபின்னும் பல மாதம் கெடாது கிடந்து, மறு மழையிற் பொரிக்கும். பொரித்தது ஏறத்தாழ ஒரு கிழமையிற் சிறகு பெறும். அந்நுளம்பு நெடுந்தூரம் பறப்பதன்று. பிறந்த இடத்தின் அண்மையிலேயே திரிவது. ஆகவே, பூட்டிய வளவிற் பிறக்கும் நுளம்பு முதலிற் கடிப்பது அடுத்த வீட்டுக் குழந்தையையே. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருத்தலைக் குற்றமாக்கும் சட்டமொன்று 2007 ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்டது. எனினும், அறிவித்தற் கடிதத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பூட்டிய படலையில் ஒட்டிச் சென்றால் அதனைப் படிப்பார் யார்?

கிணற்றின் செய்தியும் இத்தகையதே. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லில் மழைநீர் ஊறித் தங்குவதே குடிப்பதற்கும் இறைப்பதற்கும் உள்ள நீர். அக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உள. அவற்றின் வழியே ஒரு கிணற்றின் அழுக்கு மற்றொரு கிணற்றை அடைதல் கூடும். ஆளில்லா வளவின் கிணற்றைக் குப்பைக் கிடங்காக்குவோர், தம் வீட்டுக் குடத்தில் அக்குப்பையைக் கரைப்போரே ஆவர். கட்டு இடிந்து புல் மூடிய கிணறு விளையாடும் சிறுவர்க்கு ஆபத்துமாம்.

விடை கிடையாத இடத்திற் கதை பிறக்கும். அவ்வீட்டில் இரவிற் கொலுசு ஒலிப்பதாக ஒருவர் சொல்வர். கிணற்றடியில் வெள்ளைச் சேலை தெரிந்ததாக மற்றொருவர் சொல்வர். இக்கதைகளாற் குழந்தைகள் அஞ்சி உட்புகாதிருப்பது ஒருவகையில் நன்மையே. ஆனால், அச்சம் விளைக்காத கேட்டை ஆசை விளைப்பதுண்டு. முதலில் விழுந்த மாம்பழத்தைப் பொறுக்குவர். அது குற்றமன்று, பழுத்து அழுகுவதிலும் ஒருவர் உண்பது நன்றே. அடுத்த ஆண்டு மரத்தில் ஏறி ஆய்வர். அதற்கடுத்த ஆண்டு காய்களை வியாபாரிக்கு விலை பேசுவர். பின்னர் ஒருநாள், வேலி அடைக்கும் வேளையிற் கதியால் ஓரடி உள்ளே போய் ஊன்றப்படும். வேலி அரக்குதல் என்று ஊரவர் வழங்கும் இச்செயல், யாழ்ப்பாணத்தில் எத்தனையோ குடும்பங்களை நீதிமன்றப் படிகளில் ஏற்றியது, உடன்பிறந்தாரைப் பேச்சற்றவராக்கியது. உரியவர் வீட்டில் இருந்த காலத்திலேயே நிகழ்ந்த செயல், அவர் இல்லாத காலத்தில் நிகழாது என்பது எங்ஙனம்?

இங்கே சட்டம் கூறுவதை அறிதல் இருசாரார்க்கும் பயன்தரும். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பிறர் காணியை உரியவர்க்கு எதிராகவும், இடையறாதும், தடையின்றியும் பத்து ஆண்டு ஆண்டுவந்தால், அதற்கு உரிமை கோரி நீதிமன்றத்திற் கேட்கலாம். இதனை அரைகுறையாகக் கேள்வியுற்றோர், பத்து ஆண்டு பூட்டிக் கிடந்தால் வீடு எவர்க்கும் உரியதாகிவிடும் என்று எண்ணுவர். அது பிழை. வெறுமனே பூட்டிக் கிடப்பதால் உரிமை போவதில்லை. உரியவரின் அனுமதியோடு வீட்டில் இருப்பவர், எத்தனை ஆண்டு இருந்தாலும் அவ்வனுமதியைக் கொண்டே உரியவராகிவிடமாட்டார். கூட்டுரிமையாளருள் ஒருவர் காணியை ஆளுவது மற்றவர்க்காகவும் ஆளுவதாகவே பொதுவிற் கொள்ளப்படும் என்பதைக் கோமறைக் கழகம் 1911 ஆம் ஆண்டிலேயே தீர்த்துரைத்தது. உரிமை மீறப்பட்ட வேளையிற் கடல் கடந்து இருந்தவர்க்கும் அச்சட்டம் சலுகை அளிக்கின்றது; அத்தடை நீங்கியதும் ஆண்டுக் கணக்குத் தொடங்கும். ஆயினும், எதிரான ஆட்சி முப்பது ஆண்டு நீடிப்பின் அச்சலுகையும் உதவாது.

போரினால் தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தோரின் இடரைக் கருதி, 2016 ஆம் ஆண்டிற் சிறப்பேற்பாட்டுச் சட்டமொன்று நிறைவேறியது. 1983 மே 1 ஆம் நாள் முதல் 2009 மே 18 ஆம் நாள் வரையான காலத்தை, தகுதியுடையோர்க்கு எதிரான ஆட்சிக் கணக்கிற் சேர்க்காது விடுதல் அதன் நோக்கம். 2009 மே மாதத்தின் பின் பத்து ஆண்டு 2019 ஆம் ஆண்டிலேயே நிறைந்துவிட்டது என்பதை வீட்டுக்கு உரியோர் மறத்தல் ஆகாது. ஒவ்வொரு வழக்கின் நுட்பமும் வேறாதலின், சட்டத்தரணி ஒருவரைக் கேட்டறிதலே முறை.

அயலவர்க்கு இச்சட்டங்களிலே தனியிடம் உண்டு. யாழ்ப்பாணத்தின் வழக்காறுகளை ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707 ஆம் ஆண்டிற் தொகுத்துக் கொடுத்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பில், காணி விற்பவர் உரிமைக்காரர்க்கும் பங்காளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற வழக்கம் கூறப்பட்டது. அக்காணியை ஒற்றியாகப் பிடித்திருக்கும் எல்லைக்காரரும் அவர்களோடு சேர்க்கப்பட்டனர். 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இம்முற்கொள்வனவு உரிமையைக் கூட்டுரிமையாளர்க்கும் உரித்தாளராகத் தக்கோர்க்குமே உரியதாக்கியது. சட்டத்தின் சொல் அங்ஙனம் சுருங்கினும், மற்றோரிடத்தில் அயலவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது. அவ்விடம் காணி உறுதியே.

எந்த உறுதியையும் எடுத்து அதன் அட்டவணையைப் படித்துப் பார்ப்பவர் இதனைக் காண்பர். காணியின் பெயர், அதன் பரப்பு, அதிலுள்ள வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் ஆகியவற்றைக் கூறியபின் நொத்தாரிசு நான்கு எல்லைகளை எழுதுவார். கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு இன்னாரின் காணி, மேற்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரின் காணி என்பன அவ்வெல்லைகள். அயலவரின் பெயர் இல்லாமல் அவ்வீடு இருக்கும் இடத்தையே சொல்லமுடியாது. அறுபது ஆண்டுக்கு முன் எழுதிய உறுதியில் வடக்கெல்லையாகக் குறிக்கப்பட்டவர் யார், அவர் காணி இப்போது எவர் கையில் என்பதை அறிந்தாலன்றி நில அளவையாளரும் கோல் ஊன்றுதல் அரிது. அதனை அறிந்தோர் அவ்வொழுங்கையில் வாழும் முதியோரே.

போர்க்காலத்தில் உறுதிகள் எரிந்தன, நனைந்தன, ஓடும் வழியிற் தொலைந்தன. பதிவகத்திற் பிரதி கிடைத்தவர்க்கும், அதிலுள்ள பெயருக்கும் தரையிலுள்ள வேலிக்கும் தொடர்பு காட்டுதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் குடும்பங்கள் பல ஆண்டு கழித்துத் திரும்பியபோது, தம் வீடு நின்ற இடத்திற் பற்றையும் கல்லும் கண்டோர் உண்டு. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட ஊர்களுக்குச் சென்றோர், வேலியும் மரமும் ஒழுங்கையும் அழிந்த வெளியிலே தம் கிணற்றைத் தேடி, அதிலிருந்து மனையின் மூலைகளைக் கணித்தனர். அத்தகைய நேரங்களில், "இது உங்கடை கிணறுதான், தம்பி, அந்தப் பக்கம் எங்கடை வேலி நின்றது" என்று சொல்லும் ஓர் அயலவரின் வார்த்தைக்கு இருந்த மதிப்பு அளவிடற்கரியது. அவ்வயலவர் உண்மையைச் சொன்ன இடத்தில் வழக்கு எழவில்லை. அவர் இல்லாத இடத்திலோ, பொய் சொன்ன இடத்திலோ, திரும்பியவர் மீண்டும் அகதியாயினர்.

இவ்வறிவு நிலையானதன்று. 1990 ஆம் ஆண்டில் ஐம்பது வயதினராய் இருந்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். ஒவ்வொரு மாரியிலும் ஒரு கூரை விழுவதுபோல, ஒவ்வோர் ஆண்டிலும் இத்தகைய முதியோர் சிலர் மறைகின்றனர். பின்வரும் இளையோர், அந்த வீடு எப்போதும் பூட்டியே கிடந்தது என்று மட்டுமே சொல்வர். ஆளில்லா வீடு உரியவர் சென்ற நாளிற் கைவிடப்படுவதன்று. அஃது யாருடையது என்று சொல்வார் ஒருவரும் இல்லாத நாளிலேயே உண்மையிற் கைவிடப்படுகின்றது.

ஆகலின், அயலவர் தம்முட் கேட்டுக்கொள்ளும் வினாக்களை முறைப்படுத்துதல் நன்று. ஒழுங்கையிலுள்ள பூட்டிய வீடுகளைச் சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ கூடியிருந்து எழுதிக்கொள்ளலாம். கட்டியவர் யார், கடைசியாக வாழ்ந்தவர் யார், பிள்ளைகள் எவர், எந்த உறவினர்க்கு அவர்கள் விலாசம் தெரியும், கிணற்றிற் பங்கு யார்க்கு, எல்லையில் நின்ற மரம் எது என்பன எழுதத்தக்கவை. இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், பாடசாலைப் பிள்ளை ஒருவரும், நினைவுள்ள முதியவர் இருவரும் போதும். உரியவர்க்குச் செய்தி எட்டியபின், அவர் அனுமதியை எழுத்திற் பெற்று, மாரிக்கு முன் பீலியைத் துப்புரவாக்குதலும், கிணற்றை மூடுதலும், சுவரில் முளைத்த கன்றைப் பிடுங்குதலும் எவர்க்கும் நட்டமில்லாத செயல்கள். உரியவர் அறியப்படாத வீடாயின், கிராம அலுவலர்க்கும் பிரதேச சபைக்கும் அறிவித்தல் வேண்டும்; தாமே உட்புகுதல் தகாது. போர் நடந்த இடங்களிற் புதைந்த வெடிபொருள் கிடத்தலும் கூடுமாதலின், பற்றை மூடிய வளவிற் கால்வைக்குமுன் இருமுறை எண்ணுதல் வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் உரியவர்க்கும் கடமை உண்டு. அயலவரை ஐயுற்றுத் திறப்பைத் தம்முடனே வைத்திருப்பதால் வீடு காக்கப்படுவதில்லை. நம்பத்தக்க ஒருவர்க்கு அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுத்தலும், ஆண்டுக்கொருமுறை ஓடு மாற்றப் பணம் அனுப்புதலும், அயல் வீட்டுக்கு ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ விடுத்தலும் பெருஞ்செலவு அல்ல. உடன்பிறந்தார் ஒருங்கே இசைந்து, ஒருவர் பெயருக்கு மாற்றுவதோ, விற்பதோ, வாடகைக்கு விடுவதோ எதுவென்று உயிரோடிருக்கும்போதே முடிவு செய்தல் வேண்டும். இன்று நாலு பேர் கையொப்பத்தால் முடியும் செயல், அடுத்த தலைமுறையிற் பதினைந்து பேர் கையொப்பம் கேட்கும். அப்பதினைந்து பேருட் சிலர் தமிழெழுத்தை வாசிக்கவும் அறியாதவராய் இருத்தல் கூடும்.

அதே ஒழுங்கையின் கோடியிலே, காணியின்றித் தகரக் கொட்டிலில் வாழும் குடும்பமொன்று இருத்தலும் உண்டு. ஐந்தறை கொண்ட வீடு வௌவாலுக்கு உறைவிடமாயிருக்க, ஓரறையில் ஆறு பேர் படுத்துறங்குவது எவர் மனத்தையும் உறுத்தும். அதற்காகப் பூட்டை உடைத்தல் நீதியன்று. முறையான உடன்படிக்கை எழுதி, ஒரு குடும்பத்தை உரியவர் தாமே குடியமர்த்துவாராயின், அக்குடும்பத்துக்கு நிழலும் வீட்டுக்கு உயிரும் ஒருங்கே கிடைக்கும். அடுப்புப் புகை ஏறும் வீட்டிற் கறையான் எளிதில் ஏறாது என்பது முதியோர் அனுபவம்.

தைப்பொங்கலுக்கு முதல்நாள், தம் படலையைக் கூட்டும் மூதாட்டியர் சிலர், அடுத்த பூட்டிய படலையின் முன்னும் நாலு வீச்சுக் கூட்டிவிட்டே விளக்குமாற்றை வைப்பர். கேட்டால், அவர்கள் வந்தால் பார்க்கட்டும் என்பர். வருவார்களா என்பது அவர்க்கும் தெரியாது. எனினும், அந்த வீட்டு உறுதியில் எல்லையாகத் தம் பெயரோ தம் தாயின் பெயரோ எழுதப்பட்டிருப்பதை அவர் மறந்ததில்லை. எல்லையாய் இருப்பவர் இடம் பெயராது நிற்பாராயின், சென்றவர் என்றோ ஒருநாள் திரும்பி வரும்போது தம் இடத்தைக் கண்டுகொள்வர். வராமலே போயினும், அவ்விடம் இன்னாருடையது என்று சொல்வதற்கு ஒழுங்கையில் ஒருவர் இருப்பர்.